பெருவிரல் கேட்ட போன்

ஏழு தண்ணீர் லாரிகளுக்குச் சொந்தக்காரன் நான். கோவிலம்பாக்கம் முதல் பெரும்பாக்கம் வரை எந்த அடுக்குமாடியில் தொட்டி காய்ந்தாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். படித்தது மூன்றாவது. ஏழு லாரிகளையும் பட்டன் போனை வைத்தே ஓட்டிக் காட்டினேன். ஆனால் இப்போது அடுக்குமாடிக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் தண்ணீர் கேட்கிறார்கள். அதனால் போன மாதம் மகளும் மாப்பிள்ளையும் தாம்பரத்தில் ஒரு கடைக்கு என்னை இழுத்துப் போனார்கள்.

ஆண்ட்ராய்டுதான் என்றாள் மகள். ஐபோன்தான் என்றார் மாப்பிள்ளை.

"நம்ம டிரைவருங்க எல்லாரும் ஆண்ட்ராய்டுதான்பா வெச்சிருக்காங்க. சந்தேகம்னா அவங்களையே கேட்டுக்கலாம்."

"ஏன், மாமா ஓனரா, டிரைவரா?"

கடைப்பெண் இரண்டையும் எடுத்து வைத்தாள். "ஐயா, இது வெரல் வெச்சா தொறக்கும். அது மூஞ்சியக் காட்டினா தொறக்கும். கட்டை வெரல இங்க வைங்க, பாக்கலாம்."

என் கை தானாக மடங்கிக்கொண்டது. பத்திர ஆபீசில் என் கையெழுத்தின் சுழியைப் பார்த்து அதிகாரிகளே அசந்திருக்கிறார்கள். கைநாட்டு என்று ஒருவனும் என்னைச் சொன்னதில்லை. ஆதாருக்கு விரல் வைத்த அன்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தேன். எட்டு வயதில் பிடித்த பயம் அது.

அம்மா வயிறு வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடனே ஆபரேஷன் என்றார்கள். நர்சம்மா ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் அப்பாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். அப்பா திரிசூலம் மலையில் கல் உடைப்பவர். அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா எழுதிக்கீதுன்னு தெரியாம எப்டிம்மா வெக்கிறது?"

"சீக்கிரம்பா, டாக்டர் காத்துக்கினு இருக்காரு. நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"நீ வாணாம்மா. எம் புள்ள படிப்பான்." என் தோளைப் பிடித்துக் காகிதத்தின் முன் நிறுத்தினார். "படிச்சு சொல்றா."

காகிதம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்: உயிர். பள்ளிச் சுவரில் உயிரெழுத்து அட்டை தொங்கியதால் அது தெரியும். தெரியாது என்று சொன்னால் அப்பா விரல் வைக்கமாட்டார், அம்மா செத்துப்போவாள். பொய் சொல்லி அவள் செத்தால் கொன்றவன் நான். கால்சட்டை நனைந்துவிட்டது.

"அம்மா உயிருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு போட்டுக்கீது, நைனா."

அப்பா விரலை மையில் அழுத்தினார். பிறகு காகிதத்தில் அழுத்தினார். அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். கதவு திறக்கும்வரை அப்பா அந்த நீல விரலைத் துடைக்கவேயில்லை. நானும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டாள். மகன் படித்துச் சொன்னதை அப்பா மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கோ, இன்னொரு காகிதத்தை யார் எப்போது நீட்டுவார்களோ என்ற நடுக்கம். பள்ளிக்கூடம் போவதால்தானே நீட்டுகிறார்கள் என்று போவதையே நிறுத்திவிட்டேன். உயிருக்கு ஆபத்து வந்தால் யாரும் பொறுப்பில்லை என்றுதான் அதில் போட்டிருக்கும் என்பது, முதல் லாரி வாங்கிய பிறகு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"மூஞ்சி காட்டுறதையே குடும்மா" என்றேன். மாப்பிள்ளை மகளைப் பார்த்துச் சிரித்தார். தன் கட்சி ஜெயித்ததாக நினைப்பு.

போனைத் திறந்ததும் திரை நிறைய எழுத்து வந்தது. "ஒத்துக்கறேன்னு அமுக்குங்க மாமா."

"இன்னா எழுதிக்கீது?"

"படிச்சுக் காட்டட்டுமாப்பா?" என்றாள் மகள்.

"வாணாம். நமக்கு ஒண்ணும் ஆவாதுதானே? அத மட்டும் சொல்லு."

"ஒண்ணும் ஆகாதுப்பா."

அமுக்கினேன்.

அப்போதுதான் உறைத்தது: எனக்குப் படிக்க வராது என்பது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான், ஒண்ணும் ஆவாது என்று ஒரு வாய் சொல்லக் கேட்க, நர்சம்மாவை வேண்டாமென்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார். காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த எட்டு வயதுப் பையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.