மேடம் வீடு தேடிய கோடை

பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு மேடம், "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாதாங்கியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மே மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த முற்பகல் அது. உள்ளே யாரோ இருமியதாக அவர் சொன்னார். பக்கத்து வீட்டு இருமலாக இருக்கும், வாங்க போகலாம் என்றேன். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"யாருக்கா அது? இன்னா வோணும்?"

"வீடு காலியா இருக்குன்னு வந்தோம்ப்பா. வாடகைக்குக் கிடைக்குமான்னு..."

"காலியா? உள்ள ஏழு பேரு படுத்துகினு கீறோம்க்கா!"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வரைபடத்தில் அந்த வீட்டுக்குள் யாரும் இல்லை. அதைக் காலி வீடு என்று குறித்துக் கணினியில் ஏற்றியவன் நான்தான்.

அப்போது நான் ஒரு தனியார் நிறுவனத்தில் வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். ஓர் ஊருக்கு இருபது வருடத்துக்கான திட்டம் போடுகிறார்கள் என்றால் அதற்கு முன்னால் ஊரைப் பற்றி ஆதாரம் திரட்ட வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை வீடு, இருக்கிற கடைகள் போதுமா, தொழிலுக்கு இன்னும் எவ்வளவு நிலம் தேவைப்படும் என்றெல்லாம் தெருத்தெருவாகப் போய் எடுத்துவர வேண்டும். வீடென்றால் மஞ்சள், கடையென்றால் நீலம், தொழிற்சாலையென்றால் ஊதா. நான் வண்ணம் அடிப்பேன், மேடம் ஆய்வறிக்கை எழுதுவார். அவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர். வயதில் என்னைவிட இரண்டு மூன்று வருடமே மூத்தவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் மேடம்தான். வெற்றிலை போடுகிற ஒரே மேடத்தை நான் பார்த்தது அங்கேதான். கூட்டம் என்றால் மட்டும் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போவார்.

அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. கணவரோடு ஒத்துவராமல் பிரிந்த பிறகு குழந்தையைத் திண்டிவனத்தில் அண்ணன், அண்ணியிடம் விட்டுவிட்டு, இவர் தாம்பரத்தில் ஒரு விடுதியில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மகளை எப்படியாவது தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் அந்தக் கோடை முழுவதும் அவருக்கு இருந்த ஒரே எண்ணம். மகளுக்கும் சொல்லிவிட்டார். போனில் அது தினமும், "அம்மா, வீடு கிடைச்சிடுச்சா?" என்று கேட்கும். அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

வேலை முடிந்ததும் வீடு தேடப் போவோம். ஊர்க்காரன், செங்கல்பட்டுக்காரன் என்று என்னையும் கூட அழைத்துக்கொள்வார். போகிற வீட்டிலெல்லாம் முதல் கேள்வி, "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" என்பதுதான். இல்லை, தனியாகத்தான் இருக்கிறேன் என்றால் அடுத்த நிமிடம் அந்த வீட்டுக்குக் குழாய் ரிப்பேர், இல்லாவிட்டால் யாரோ முன்பணம் கொடுத்திருப்பார்கள். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பையன்களுக்கோ கேள்வியே கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குள் எத்தனை பேரை வேண்டுமானாலும் விடுவார்கள். "என்னை பேச்சுலர்னும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க, ஃபேமிலின்னும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அப்ப நான் யாருதான்?" என்று ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஆய்வின்படி அந்த ஊரில் வீடுகள் மிஞ்சிக் கிடந்தன. இருக்கிற குடும்பங்களைவிட வீடுகள் அதிகம், ஏகப்பட்டது காலி என்று கணக்கு வந்திருந்தது. ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த தரிசு நிலத்தைத் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒதுக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. வீடுதான் மிஞ்சிக் கிடக்கிறதே, அந்த நிலத்தைக் கிடங்குகளுக்கு விட்டுவிடலாம் என்று பேச்சு திரும்பியது. மஞ்சளை எடுத்துவிட்டு அங்கே ஊதா போட்டு வைத்திருந்தேன். அறிக்கை போக வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் மேடத்துக்கு அந்த எண்ணம் தோன்றியது. இவ்வளவு காலி வீடு இருக்கிறதே, அதில் ஒன்று நமக்குக் கிடைக்காதா? என் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, காலி என்று குறித்த வீடுகளைத் தேடிக்கொண்டு கிளம்பினார். தன் ஆய்வை அவ்வளவு நம்பினார். முதல் வீட்டிலேயே ஏழு பேர் உள்ளேயிருந்து பதில் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன்கள் பகலெல்லாம் தூங்க வேண்டும். கதவு திறந்திருந்தாலோ, உள்ளே தாழ் போட்டிருந்தாலோ யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். கேபிள்காரர், சிலிண்டர்காரர், சீட்டுப் பிடிக்கிறவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். அதனால் காலை ஷிஃப்டுக்குப் போகிறவனிடம் வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள். சாவி முக்கு டீக்கடையில் இருக்கும். அவசரமென்றால் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. பூட்டைப் பார்த்தால் யார் தட்டப் போகிறார்கள்? எங்கள் ஆட்களும் தட்டவில்லை. பூட்டியிருந்தால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. போனார்கள்தான், ஆனால் வேன் காலையில்தான் கிடைக்கும் என்பதால் எப்போதும் காலையிலேயே போனார்கள். பக்கத்து வீட்டில் விசாரிக்கலாமென்றால் அதுவும் பூட்டு.

மறுநாள் நாங்கள் இருவரும் அந்தத் தெருக்களை வெறுமனே சுற்றினோம். தட்டி எழுப்ப மேடத்துக்கு மனசு வரவில்லை. பூட்டிய வாசல்களில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கொடியில் ஈர லுங்கிகள். காதை வைத்தால் மின்விசிறி ஓடும் சத்தம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கத்திரி வெயிலில் மொத்த வேலையையும் திரும்பச் செய்வதென்றால் யாருக்குத்தான் வராது? "கண்ணு தெரியாதவன் கோலம் போட்ட மாதிரி வேலை செஞ்சிருக்கோம்" என்று மட்டும் மேடம் சொன்னார். யாரையும் திட்டவில்லை.

அந்த வாரம்தான் அவருக்கு வீடும் கிடைத்தது. ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த தரிசில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரர் எங்கள் தற்காலிக அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சிரித்த முகம், நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேர். "வூடு தேடிகினு கீறீங்களாமேம்மா? எங்க மாடி சும்மாதான் கீது. பசங்களுக்கு வுட மாட்டேன். உங்கள மாதிரி படிச்சவங்க வந்தா எனுக்கும் கவுரவம்" என்றார். கிடங்கு வந்தால் தன் நிலத்துக்கு ஏறப்போகும் விலை பற்றியோ அறிக்கை பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் கூடப் போய்ப் பார்த்தேன். காற்றோட்டமான இரண்டு அறைகள், சமையலறையில் கறுப்புக் கல் மேடை. ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளிக்கூட மைதானம். மேடம் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இங்கிருந்தே மகள் வகுப்புக்குப் போவதைப் பார்க்கலாம், மதியம் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று என்னிடம் சொன்னார். அங்கேயே நின்று போன் செய்து மகளிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு குழந்தைத்தனமான சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கீழே இறங்கும்போது வீட்டுக்காரர், "உங்க ரிப்போர்ட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு, நல்ல நாளு பாத்து வந்து பாலு காச்சுங்கம்மா" என்றார். மேடம் சரி என்று தலையாட்டினார்.

தெருமுனைக்கு வந்ததும் நான் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டேன். அறிக்கை போகட்டும் மேடம், தப்பு எல்லா ஆய்விலும் இருக்கத்தான் செய்யும், யார் வந்து பூட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் அப்படிக் கேட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்தக் குழந்தை போனில் கேட்கிற கேள்வி தினமும் என் காதிலும்தானே விழுந்துகொண்டிருந்தது. அவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி மடித்துப் பையில் வைத்தார். "அந்த ஏழு பேர்ல ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகும். அவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து எங்க வைப்பான்?" என்று கேட்டார். பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்து, கணக்கு தப்பு, திரும்ப எடுக்க வேண்டும் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

திரும்ப எடுத்தோம். இந்த முறை வீட்டுக்குப் போவதைவிட, கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டோம். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எங்கே தங்கியிருக்கிறீர்கள், எத்தனை பேர் என்று கேட்டோம். ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணாத்த, வூடு கட்டித் தரப் போறீங்களா, சும்மா கேட்டுகினு போறீங்களா?" என்றான். நாங்கள் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று மேடம் உண்மையைச் சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டே பதில் சொன்னான். கணக்கு தலைகீழாக மாறியது. ஊரில் மிஞ்சிய வீடு என்று ஒன்றுகூட இல்லை. குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்காமல் மனைவியை அச்சரப்பாக்கத்திலும் மதுராந்தகத்திலும் விட்டுவிட்டு வந்தவர்கள்தான் நிறைய.

செய்தி கசியாமல் இருக்குமா? வீட்டுக்காரர் மறுபடி வந்தார். அதே சிரித்த முகம். "தங்கச்சி பையன் திடீர்னு குடி வரேன்னுட்டான்மா. சொந்தத்துல எப்பிடி வாணாம்னு சொல்றது? மன்னிச்சிக்கோங்க" என்றார். மேடம் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் மாடிக்கு அந்த வருடம் யாரும் குடி வரவில்லை. ரயிலில் போகும்போதெல்லாம் சாத்திக் கிடந்த அந்த ஜன்னலை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மேடம் அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் போன் பேசிக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் கண்டிப்பாடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே வந்து, கண்களைத் துடைத்துக்கொண்டு, ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த நிலத்துக்கு மஞ்சள் போடச் சொன்னார். போட்டேன்.

அடுத்த வருடம் மேடத்தை வேறு திட்டத்துக்காக ஈரோட்டுக்கு மாற்றினார்கள். அங்கே நல்ல வீடே கிடைத்தது. மகள்தான் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். சிநேகிதிகள் எல்லாம் இங்கே, அத்தை இங்கே, நான் எதற்கு வர வேண்டும் என்று கேட்டாளாம். வற்புறுத்தவில்லை என்று ஒருமுறை போனில் சொன்னார். அன்று செய்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டேன். "வருத்தம் இல்லாம எப்படி இருக்கும்? இருக்கு. தினமும் இருக்கு" என்றார். தியாகம் அது இது என்று நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர் போல உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

ரயில் பாதைக்குப் பின்னால் இப்போது வீடுகள் வந்துவிட்டன. பிரமாதமாக ஒன்றுமில்லை. மழை பெய்தால் தெரு குளமாகிவிடுகிறது, நல்ல மளிகைக் கடை ஒன்று கிடையாது. ஆனால் குடும்பங்கள் இருக்கின்றன. காலையில் பள்ளி வேனுக்கு நிற்கிற பிள்ளைகளை ரயிலில் இருந்து பார்க்கலாம். பார்க்கிறபோது எனக்கு மேடத்தின் மேல் பெருமையும் கோபமும் சேர்ந்தே வருகிறது. யார் யாரோ பெற்ற பிள்ளைகள் அங்கே நிற்கின்றன.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வயதானதும் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்பதை ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு சிரிப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் படகுகள் வந்து சேரும் நேரத்தில் அவரை எதிர்பாராமல் பார்த்தேன். கையில் கூடை, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். மகள் புனேயில் வேலை பார்க்கிறாள், லீவுக்கு இரண்டு நாள் இங்கே வந்து தங்கப் போகிறாளாம். இத்தனை வருடத்தில் அம்மா வீட்டில் ராத்தங்க வருவது இதுதான் முதல் தடவை என்று சொன்னார்.

மீன்காரம்மா கூறுகளை எடுத்துப் போட்டுக்கொண்டே, "இன்னாம்மா, நின்னு பாத்துகினே கீற? பொண்ணுக்கு இன்னா மீனு புடிக்கும், சொல்லு. எட்த்துத் தரேன்" என்றாள்.

மேடம் கூடையை என்னிடம் கொடுத்தார். "கொஞ்சம் இரும்மா" என்று மீன்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்று, திண்டிவனத்துக்கு, அண்ணிக்குப் போன் போட்டார்.