அசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பேசிய கலியாணம்

அக்காவைப் பெண் பார்க்க நிலாவெளியிலிருந்து புறப்பட்டவர்கள், சண்டையால் பாதை மூடியதால் இரண்டு தடவை பாதி வழியில் திரும்பிப் போயிருந்தார்கள். இந்தத் தடவையும் தவறினால் சம்பந்தம் கைநழுவிப் போய்விடும் என்று அம்மாவுக்கு ஒரே பயம். பயம் வந்தால் அம்மா சாமி கும்பிட மாட்டார், வீட்டைக் கழுவுவார்.

அன்று காலை குசினியையும் கதிரைகளையும் ஒரு வழி பண்ணிவிட்டு, துறைமுகப் பக்கம் பார்த்த பின்வளவுக் கக்கூஸுக்குப் போனார். அசிட்டை ஊற்றினார். கறை போகவில்லை. கிணற்றுக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டினார். தனித்தனியே இவ்வளவு வேலை செய்கிற சாமான்கள் சேர்ந்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்பது அவருடைய கணக்கு. பச்சையும் மஞ்சளுமாகப் புகை எழும்பியது. இருமிக்கொண்டே ஓடி வந்தவர் வாயில், செல் குண்டு விழும்போதெல்லாம் கத்திப் பழகிப்போன கட்டளைதான் வந்தது.

"எல்லாரும் பங்கருக்குள்ள ஓடுங்கோ!"

அந்தக் காலத்தில் இதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அப்பா பாதி சவரம் செய்த முகத்தோடு குதித்தார். நான் அவர் மேல் விழுந்தேன். அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்த மாப்பிள்ளை வீட்டாரும், வாழைப்பழச் சீப்பும் கையுமாக எங்கள் பின்னாலேயே ஓடி வந்து இறங்கிவிட்டார்கள். வாருங்கள் என்று சொல்லக்கூட நேரமில்லை. செல்லுக்குப் பதுங்க வெட்டிய அந்தப் பங்கர் குழி கக்கூஸுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காற்றைவிடப் பாரமான அந்தப் புகையும் பள்ளத்தைத் தேடி எங்களோடு இறங்கியது.

அக்கா மட்டும் உள்ளே வரவில்லை. காற்று வந்த பக்கமாக நின்று கத்தினாள். "வெளிய வாங்கோ! செல் ஒண்டும் வரேல்லை. அம்மா கக்கூஸ் கழுவினவா!"

மாப்பிள்ளையின் தாய்க்கு மூச்சு முட்டிவிட்டது. அக்கா நீட்டிய கையைப் பிடித்துத்தான் மேலே ஏறினார். எல்லோரும் வேலியோரம் நின்று கண்ணைக் கழுவினோம். அம்மா தலை நிமிரவே இல்லை. சம்பந்தம் போயிற்று என்று எனக்கும் அழுகை வந்தது.

"எல்லாரும் இறங்க நீர் மட்டும் ஏன் பிள்ளை மேல நிண்டனீர்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

"சீலை ஊத்தையாப் போயிடும் எண்டு நிண்டனான், மாமி."

அம்மா அக்காவை எட்டிக் கிள்ளப் பார்த்து, என்னைக் கிள்ளினார். அந்தத் தாயோ இருமலும் சிரிப்புமாகத் தன் மகனைப் பார்த்தார்.

"எங்கட வீட்டில பங்கருக்குள்ள ஓட ஆக்கள் நிறைய இருக்கினம், தம்பி. வெளிய வாங்கோ எண்டு கூப்பிடத்தான் ஒருத்தரும் இல்லை. இந்தச் சம்பந்தத்தையே முடிப்பம்."