மூன்று பைகளில் ஒரு கணவன்

பயம் வந்தால் டோரீனுக்கு முதலில் இடது கால் மரத்துப்போகும். அன்று காலை எழுந்ததிலிருந்தே அது கட்டையாகக் கிடந்தது.

முந்தின நாள் மாலை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபெர்கஸ் வந்து சொன்னார். "கவர்மென்ட்லேருந்து ஒரு அம்மா உன்னைத் தேடிக்கிட்டு வந்துச்சு. நீ வெளிய போயிருக்கறதா சொன்னேன். நாளைக்குக் காலையில வருதாம்." யார், எந்த அலுவலகம் என்று கேட்டு வைக்கும் பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது.

டோரீனும் கேட்கவில்லை. கனடாவின் ஹாமில்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவளை முப்பத்தொன்றாம் வயதில் நரம்பு நோய் கீழே இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு பதினான்கு வருடமாக மாற்றுத்திறனாளி உதவித்தொகையில்தான் அவள் பிழைப்பு ஓடியது. இத்தனை வருடத்தில் அவள் கதவைத் தட்டிய அரசாங்க ஆள் அந்த அலுவலகத்து ஆள் மட்டுமே. அவர்களுடைய தாள்களில் அவள் இன்னும் தனி ஆள்.

ஆனால் வீட்டில் யூனியெல் இருந்தான். அக்கா பிடிவாதமாகக் கியூபாவுக்கு அழைத்துப்போனபோது, மணலில் புதைந்த அவளுடைய சக்கர நாற்காலியைத் தூக்கிவிட்ட ஹோட்டல் சமையல்காரன். "விசா மாப்பிள்ளை" என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கட்டிக்கொண்டாள். பதினோரு மாதமாக அவளைக் குளிப்பாட்டுவதும் அவளுக்கு ஊசி போடுவதும் அவன்தான். அவனை இங்கேயே இருத்திக்கொள்ள ஸ்பான்சர் மனு போட்டாள். சேர்ந்து வாழ்கிறோம் என்று அதில் உண்மையைத்தான் எழுதினாள். உதவித்தொகை அலுவலகத்திடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது எதிர்வீட்டு பெக்கி ஏற்றிவிட்ட பயம்.

"புருஷன்னு ஒரு வார்த்தை விட்டே, அடுத்த மாசமே கையை விரிச்சிருவாங்க. பேசாம இரு" என்றிருந்தாள் பெக்கி.

இப்போது அந்த பெக்கியின் வீட்டுக்குத்தான் யூனியெல் தன் பொருட்களைக் கடத்திக்கொண்டிருந்தான். சவரக் கத்தி, பனிக்கால பூட்ஸ், காப்பிக் கெண்டி, குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கல்யாணப் படம். எல்லாம் மூன்று கறுப்புக் குப்பைப் பைகளில் அடங்கிவிட்டன.

"பல் பிரஷ்ஷு?" என்றாள் டோரீன்.

"பாக்கெட்ல வச்சிருக்கேன், என் உசுரே. நீ நடுங்காதே. நான் முனைக் காப்பிக்கடையில இருக்கேன்."

அவன் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. வந்த பெண் ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு அட்டையை நீட்டினாள். நோய் ஏற்கெனவே டோரீனின் பார்வையை மங்கலாக்கியிருந்தது. பயத்தில் இப்போது சொன்னது காதில் ஏறவில்லை, அந்த எழுத்துகளும் சுத்தமாகத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இங்க யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் மட்டுந்தாங்க." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அலமாரியைத் திறந்து காட்டினாள், குளியலறையில் ஒற்றை பிரஷ்ஷைக் காட்டினாள், கட்டிலில் ஒற்றைத் தலையணையைக் காட்டினாள். "பாருங்க, ஒரு ஆம்பளைத் துணிகூடக் கிடையாது."

அந்தப் பெண் எல்லாவற்றையும் நிதானமாகக் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ யூனியெல் இங்க இல்லையா?"

அந்தப் பெயர் உதவித்தொகை அலுவலகத்தின் எந்தத் தாளிலும் கிடையாது. அது அவனுக்காக அவள் போட்ட குடிவரவு ஸ்பான்சர் மனுவில் மட்டும்தான் இருந்தது.

"நீங்க... எந்த ஆபீஸ்?"

"வாசல்லயே சொன்னேனேம்மா. குடிவரவு. உங்க கல்யாணம் நிஜந்தானான்னு பார்க்க வந்தேன்."

டோரீன் தான் ஊன்றி நடக்கும் நடைவண்டியைப் பற்றிக்கொண்டு அழுதாள். எல்லாம் பொய், அவன் இங்கேதான் இருக்கிறான், உதவித்தொகை போய்விடும் என்று பயந்து அப்படிச் சொன்னேன் என்று கொட்டித் தீர்த்தாள். அந்தப் பெண்ணை பெக்கி வீட்டுக்கே இழுத்துப்போய்ப் பைகளை அவிழ்த்துக் காட்டினாள். கல்யாணப் படம் பூட்ஸுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. புருஷனைத் துரத்திவிட்ட வீட்டிலும் பைகள் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"உதவித்தொகை வாங்குறவங்களும் ஸ்பான்சர் பண்ணலாம். அதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அந்தப் பெண். "ஆனா நீங்க முதல்ல சொன்னதையும் எழுதணும், இப்போ சொல்றதையும் எழுதணும். எதை நம்புறதுன்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க."

அவள் போன பிறகு டோரீன் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு, பதினோரு மாசமா சேர்ந்து இருக்கோம்" என்றாள். இனி எது போனாலும் போகட்டும், ஒரே கதையாக இருக்கட்டும் என்று தோன்றியது.

பனி படிந்த தொப்பியோடு யூனியெல் திரும்பி வந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "போயிட்டாங்களா? நீ தனியாத்தான் இருக்கேன்னு நம்பிட்டாங்களா?"

டோரீன் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நம்பிட்டாங்களோன்னுதான் பயமா இருக்கு" என்றாள்.