லொரைனின் ஊதா சேலஞ்சர்

மிச்சிகனின் ஹாம்ட்ராம்க் ஊரில் லொரைன் பாவ்லக்கின் வீட்டு எண் யாருக்கும் தெரியாது. தபால்காரர் விடுப்பில் போய்ப் புது ஆள் வந்தால், "ஊதா வண்டி நிக்குமே, அந்த வீடு" என்றுதான் பக்கத்து வீட்டார் கைகாட்டுவார்கள். நடுவில் ஒரு நாலு வருஷத்தைத் தள்ளிவிட்டால், அரை நூற்றாண்டாக அந்த வண்டி அங்கேதான் நின்றது.

அவள் பிறந்து வளர்ந்தது கார் ஆலைக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா சிக்மண்ட் அங்கே பெயிண்ட் பிரிவில் இருந்தார். பள்ளிக்கூடத்துத் தோழிகள் அலமாரிக் கதவுக்குள் பாட்டுக்காரர்களின் படத்தை ஒட்டிவைத்த வயதில், லொரைன் பத்திரிகையில் வந்த கார் விளம்பரங்களைக் கத்தரித்து ஒட்டினாள். குடும்பத்தோடு போகிற சாதாரண வண்டிகள் அவளுக்குப் பிடிக்காது. அளவான உடம்புக்குள் லாரிக்குப் போடுகிற மாதிரி ஒரு எஞ்சினைத் திணித்து, சிக்னலில் நிற்கும்போதே உறுமிக்கொண்டிருக்கும் மசில் கார்கள்தான் வேண்டும். தெருமுனையில் ஒன்று திரும்பினால், சாப்பாட்டு மேஜையில் இருந்தபடியே அது எந்த வண்டி என்று சொல்லிவிடுவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பதினெட்டு வயதில் அவளும் அதே ஆலையில் சேர்ந்தாள். சீட் உறை தைக்கிற பிரிவு. நாற்பது பெண்கள், நாற்பது தையல் மெஷின், நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம். ஐந்து வருஷம் தைத்தாள். 1969 இலையுதிர் காலத்தில் டாட்ஜ் சேலஞ்சர் என்ற புது வண்டி அந்த ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பழுத்த பிளம் பழத்தின் ஊதா நிறத்தில் ஒன்று லாரியில் ஏறிப் போவதைப் பார்த்தவள், அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எனக்கு ஒரு கார் வாங்க வேண்டும் என்றாள்.

அப்பா சூப்பைக் குடித்துக்கொண்டே, கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுத்துத் தகரத்தில் போடாதே என்று மட்டும் சொன்னார். கார் விற்கிற கடையில் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தவணையில் தருவதென்றால் அப்பாவோ அண்ணனோ கையெழுத்துப் போட வேண்டும் என்று, அவள் தலைக்கு மேல் எங்கோ பார்த்தபடி விற்பனையாள் சொன்னான். அவள் வீட்டில் வந்து அதைச் சொல்லவில்லை. ஆனால் ஊர் சின்னது, அப்பா காதுக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பும்மா" என்றார். கடையில் பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு விற்பனையாளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"என் பொண்ணு தைச்ச சீட்டுல உட்கார்ந்துதான் தம்பி நீ தினம் வீட்டுக்குப் போற."

அவளுடைய வண்டி எந்த நாளில் தயாராகிறது என்று ஆலை அலுவலகத்தில் இருந்த தோழி பெர்னடெட் பார்த்துச் சொன்னாள். லொரைன் தன் வண்டிக்கான வெள்ளை உறையைத் தானே கேட்டு வாங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் இரட்டைத் தையல் போட்டாள். பெயிண்ட் அறையில் அப்பா மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தன் கையாலேயே ஊதாவை அடித்திருக்கிறார். அவர் அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. கூட வேலை செய்தவர் ஒருவர் பல வருஷம் கழித்து, அவருடைய சாவு வீட்டில், சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மைல் பந்தயத் திடலுக்குப் போவாள். முதல் தடவை படுதோல்வி. ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்ததில் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கிளப்பின. எதிராளி பாதி தூரம் போன பிறகுதான் இவள் வண்டி நகர்ந்தது. வேலியோரம் நின்ற ஆண்கள், சமையல்கட்டில் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் போல, புகையைப் பார் என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த மூன்று வாரம் வேலை முடிந்ததும் ஆள் இல்லாத சரக்குச் சாலையில் கிளட்சை எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்று பழகினாள். பாதத்தின் அடியில் அந்த ஒரு புள்ளி பிடிபட்டதும் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை.

அப்படித் தோற்றவர்களில் ஒருவன் ஜீன் பாவ்லக். பச்சை நிற ஷெவல் கார் வைத்திருந்தான். அச்சு வார்க்கும் பட்டறையில் வேலை, அதிகம் பேசாத ஆள். தோற்றதும் மற்றவர்கள் மாதிரி எஞ்சினைக் குறை சொல்லாமல் இரண்டு காபியோடு வந்தான்.

"இன்னைக்கு என் வண்டி நல்லாத்தான் ஓடுச்சு" என்றான். "உன்னுது அதைவிட நல்லா ஓடுச்சு. சர்க்கரை எத்தனை?"

1972இல் கல்யாணம். மறு வருஷம் மகள் தெரசா பிறந்தாள். அந்தக் குளிர்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. வரிசையில் நிற்கிறபோது, இந்த ஒரு வண்டி குடிக்கிறதில் நாலு குடும்பம் ஓட்டும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஜீன் ஷெவலை விற்றுவிட்டுத் தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன கார் வாங்கினான். உன்னுடையதையும் விற்றுவிடேன் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அதை லொரைன் கவனித்து வைத்துக்கொண்டாள்.

1980 ஜனவரியில் ஆலையை மூடினார்கள். ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தவர்கள். அடுத்த வருஷத்துக்குள் ஜீனின் பட்டறையும் படுத்தது. டெக்சாஸில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று எல்லோரும் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி கார் அதற்குள் துருப்பிடித்துத் தரை ஓட்டையாகிவிட்டிருந்தது. ஆகவே 1981 வசந்தத்தில் மூன்று பேரும், இரண்டு பெட்டிகளும், ஒரு தையல் மெஷினும் சேலஞ்சரில் ஏறி ஹூஸ்டனுக்குக் கிளம்பினார்கள். வீட்டைப் பெர்னடெட் பார்த்துக்கொண்டாள்.

இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த வேலையெல்லாம் தீர்ந்திருந்தது. மிச்சிகன் வண்டிகளுக்கு அப்போது கறுப்பு நம்பர் பிளேட். அதைப் பார்த்ததும் பெட்ரோல் போடுகிறவன் முகம் சுளிப்பான். "கறுப்பு பிளேட்டுக்காரங்க இன்னும் ரெண்டு பேர்" என்று உள்ளே குரல் கொடுப்பான். வாடகைக்கு முன்பணம் தர வழியில்லாமல் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் நடுவே வண்டியை நிறுத்தினார்கள். தெரசா பின் சீட்டில் தூங்கினாள், இவர்கள் முன் சீட்டுகளில். பகலில் வேலை தேடிச் சுற்றும்போது பீன்ஸையும் கிபாசா தொத்திறைச்சித் துண்டுகளையும் அலுமினியத் தாளில் சுற்றி எஞ்சின் மேல் வைத்துவிடுவாள் லொரைன். திரும்பி வரும்போது சாப்பாடு சூடாக இருக்கும். தெரசா பானெட் ஆறும் வரை காத்திருந்து, அதன் மேல் நோட்டை விரித்துக் கணக்குப் போடுவாள். அம்மாவின் வண்டி என்று அது வரை தள்ளியே வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த ஐந்து வாரத்தில் அது வீடாகிவிட்டது.

ஐந்தாவது வாரம் ஒடெல் ஹார்க்ரைடர் என்று ஒரு பெரியவர் வந்தார். அருகில் பழைய வண்டிகளைச் செப்பனிடும் கடை வைத்திருப்பவர். வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்து, தொப்பியைக் கழற்றினார். ஜீன் எழுந்து ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டான். அவள் வண்டி, அவள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது அவன் நினைப்பு.

"விலையைச் சொல்லுங்கம்மா" என்றார் ஒடெல்.

"விக்கிறதுக்கு இல்லைங்க."

"பிள்ளையை வச்சுக்கிட்டு வண்டில படுத்திருக்கீங்க. நான் குடுக்கறதுல ஒரு வருஷம் நல்ல வீட்ல இருக்கலாம்."

லொரைன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பில்லை. முந்தின இரவு தெரசா இருமியது காதிலேயே இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள், ஏதோ தோன்றி, உங்கள் கடையில் சீட் வேலை யார் செய்கிறார்கள் என்று கேட்டாள். வெளியே கொடுக்கிறேன், மாதக் கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்றார் அவர்.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். "இந்தச் சீட்டை நான் தைச்சுப் பதினோரு வருஷம் ஆகுது. அஞ்சு வாரமா நாங்க குடும்பமா இதுலதான் படுக்கறோம். ஒரு தையல் விட்டிருக்கா பாருங்க. விட்டிருந்தா வண்டியை எடுத்துக்கங்க."

பெரியவர் மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்தார். தெரசா சிந்திய தக்காளிக் கறை இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவருக்கு ஏமாற்றமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"திங்கக்கிழமை வாங்க" என்றார். "அதோ ஆத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரே, அவருக்கு என்ன வேலை தெரியும்? அவரையும் கூட்டிட்டு வாங்க."

அவர் கடையில் நாலு வருஷம் இருந்தார்கள். ஜீனுக்கு ஊருக்குப் பக்கத்து வாரன் நகரில் வேலை கிடைத்ததும் ஊர் திரும்பினார்கள். லொரைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மெஷினைப் போட்டு, பழைய வண்டிகளுக்குச் சீட் தைக்க ஆரம்பித்தாள். ஓஹாயோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தெரசாவுக்குப் பதினைந்து வயதானபோது ஊதா வண்டியில் போய் இறங்க வெட்கம். ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்வாள். லொரைனும் இறக்கிவிட்டு, அவள் திரும்பாத நேரம் பார்த்து எஞ்சினை ஒரு உறுமு உறுமவிடுவாள். பள்ளிக்கூடமே ஜன்னலுக்கு வந்துவிடும்.

ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் சாலையில் பழைய வண்டிகள் ஊர்வலம் தொடங்கிய பிறகு ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் எழுந்து வந்து, நான்தான் இதற்குக் கதவு பூட்டினேன், நான்தான் கண்ணாடி வைத்தேன் என்பார்கள். இந்த ஒரு வண்டியிலேயே எல்லாரும் வேலை பார்த்ததாகச் சொன்னால் ஒரு கார் செய்ய ஒரு ஊரே போதாது என்பான் ஜீன். லொரைன் மட்டும் அவர்கள் சொல்வதை நம்புவாள். சில பேர் சாலையோரத்தில் அந்தப் பானெட்டின் மேல் கை வைத்தபடியே நின்று, காலமாகிவிட்ட கூட்டாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அவளுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும்.

எழுபத்துமூன்று வயதில் இடது முழங்கால் போயிற்று. அந்த வண்டியின் கிளட்ச் லேசுப்பட்டதல்ல, உடம்பின் பாரத்தையே இறக்கி மிதிக்க வேண்டும். மருத்துவர் கூடாது என்றுவிட்டார். தானே மாறும் கியரைப் போட்டுவிடலாமே என்று ஜீன் யோசனை சொன்னான். மறுநாள் காலை காபி ஊற்றும்போது, "அப்புறம் அது கார் இல்ல ஜீன். சோபா" என்றாள். அன்றே விற்பதென்று முடிவு செய்தாள். ஓடாமல் நிற்கிற வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது என்று தெரசாவிடம் தொலைபேசியில் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

வாங்க வந்தவர்களை அவள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒருவர் இதைக் கண்ணாடிக் கூடத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார், வாசலைக் காட்டினாள். ஒருவர் பத்து வருஷத்தில் என்ன விலை போகும் என்று பேச ஆரம்பித்தார். அவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை. ஓட்டிப் பார்த்தவர்களில் மூன்று பேர் கியரை இழுத்த இழுப்பில் அவளுக்குப் பல் கூசியது. ஜீன் அவளைச் செல்லப் பெயரால் அழைத்து, "ரெய்னி, நீ மாப்பிள்ளை பாக்கறியா, வண்டி விக்கிறியா?" என்றான்.

ஏழாவதாக டொலீடோவிலிருந்து இவான் பேட்டில் என்ற செவிலி வந்தாள். நாற்பது வயதிருக்கும், கறுப்பினப் பெண், குள்ளமான உருவம். முதுகுக்கு வைத்துக்கொள்ளத் தலையணை ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவள் அப்பா இதே ஆலையில் சக்கரம் பூட்டியவராம். அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குத்தான் சொன்னாள். லொரைன் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். மூன்று தெரு வரை கியர் மாறுவதைக் காதாலேயே கவனித்து வந்தாள். நாலாவது தெருவில் சாலை நீண்டு கிடந்தது. இவான் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், பிறகு லொரைனைப் பார்த்தாள்.

"போகலாமாம்மா?"

"என்னை ஏன் கேக்கற? அதைக் கேளு."

திரும்பி வந்தபோது இரண்டு பேர் தலையும் கலைந்திருந்தது. லொரைன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வண்டி போன அன்று அவள் வாசலில் நின்று கையாட்டினாள், அவ்வளவுதான். சாயங்காலம் ஜீன் உருளைக்கிழங்கு அடை சுட்டுக் கொடுத்தான். ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. அடுத்த சில வாரம் ஜன்னல் பக்கம் போகாமலே வீட்டுக்குள் நடந்து பழகினாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. இவான்தான். குரலில் தயக்கம். வேகமாகப் போனதற்காகப் போலீஸ் பிடித்து அபராதச் சீட்டு கொடுத்துவிட்டதாம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை, அதனால்தான் கூப்பிட்டேன் என்றாள்.

லொரைன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எவ்வளவுல போன?"

"எண்பத்தஞ்சு மைல்."

"மூணாவது கியரா, நாலாவதா?"

"மூணாவதும்மா. நாலாவது போடறதுக்குள்ள பிடிச்சிட்டாங்க."

லொரைன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்னவோ ஏதோ என்று கொட்டகையிலிருந்து ஓடிவந்த ஜீனிடம் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு, இவானிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லு, எந்தச் சாலை, எத்தனை மணி, சத்தம் எப்படி இருந்தது என்று அவள் கேட்க ஆரம்பித்தாள்.