எரிச்சல் அடங்கும் சொல்

மரக்காணம் உப்பளம். வெயில் ஏறுமுன் வேலை முடித்த பெண்கள் குடத்து நல்ல தண்ணீரில் கால் கழுவுகிறார்கள். வெறுங்காலோடு பாத்தியில் இறங்கிப் பார்த்த எனக்குக் குதிகால் வெடிப்பு தீயாய் எரிகிறது.

"இன்னா சார் எழுதுறீங்க?" என்கிறார் உப்பு வாரும் அஞ்சலை.

"புத்தர் பேச்சைத் தமிழ்ல எழுதுறேங்க. அதுல நிப்பானம்னு ஒரு பாலிச் சொல்லு. தீ அணைஞ்சு குளிர்றதுன்னு அர்த்தம். தமிழ்ல ஒரு சொல் மாசக்கணக்கா தேடுறேன். சாவுன்னே பலபேரு எழுதிட்டாங்க."

"செத்தாதான் கெடைக்குமா?"

"இல்லைங்க. அது கெடைச்ச பின்னாடியும் அவரு வருஷக்கணக்கா ஊர் ஊரா நடந்தாரு."

"அப்பக்கூட காலு எரிஞ்சிருக்குமே! நீட்டுங்க சார்."

மீதித் தண்ணீரை என் காலில் ஊற்றுகிறார். எரிச்சல் மெல்ல அடங்குகிறது.

"அப்பாடா" என்கிறேன். பிறகு, அதையே எழுதுகிறேன்.