ரிங்குக்கு எதுக்கு அண்ணாச்சி கேப்பு?

எஞ்சின் பிரிக்கிற தொழிலில் எஞ்சினால் ஒரு தொல்லையும் கிடையாது. அதைக் கொண்டுவருகிறவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மிக்சி, மோட்டார், தையல் மிஷின் என்று எதையாவது பிரித்துப் பூட்டிப் பிழைக்கிற சக பாவப்பட்ட ஜீவன்களே, தென்காசியில் குற்றாலம் ரோட்டில் பழைய பைக்குகளுக்கு வேகம் ஏற்றித் தருகிற நான் ஒரே ஒரு வண்டியால் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வண்டி வந்த கோலம்

சாதிக்குக்குத் துபாயில் வேலை. லீவில் வந்த கையோடு, ஆசையாய் வாங்கிப் போட்டிருந்த பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை யாரிடமோ கொடுத்து ரேஸ் வண்டி மாதிரி மாற்றியிருக்கிறார். மனைவி நஸ்ரினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பழைய குற்றாலத்துக்குக் கிளம்பினால், சீசன் கூட்டத்துக்கு நடுவே, ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. சாரலில் நனைந்துகொண்டு நஸ்ரின் தள்ள, இவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக நடக்க, என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிரித்துப் பார்த்தால் விஷயம் சின்னது. பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற இரும்பு வளையம்தான் ரிங். அது முழு வட்டம் கிடையாது, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது வெட்டின் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளாமல் இருக்க அங்கே கொஞ்சம் கேப் வேண்டும். வேகம் ஏற்றிய எஞ்சினுக்குச் சூடு அதிகம், ஆகவே கேப்பும் சற்று அதிகம். முன்பு பூட்டிய புண்ணியவான் கேப்பே விடவில்லை. ரிங் நீள வழியில்லாமல் சிலிண்டரைக் கீறிவிட்டு உட்கார்ந்துவிட்டது. "கேப் விட்டா பவர் பூரா அது வழியா ஓடிராதா அண்ணாச்சி?" என்றார் சாதிக். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

நஸ்ரினுக்கு கேப்பும் தெரியாது, பவரும் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பே வாப்பாவின் பைக்கில் கியர் போட்டு ஓட்டிப் பழகியவர் அவர். ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அவரு துபாய் போறதுக்குள்ள இன்னொரு மட்டம் அருவிக்குப் போவோம்ணே. மறுபடி வழியில நின்னா, அங்கனயே விட்டுட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவேன்."

போர் போட்ட கதை

கீறல் விழுந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைந்தால்தான் புது பிஸ்டன் போகும். எங்கள் பாஷையில் அதற்கும் போர் போடுவது என்றுதான் பெயர். லேத் பட்டறைக்குப் போன் போட்டு, "போர் போட்டாச்சா? இன்னும் கொஞ்சம் எடுக்கணுமா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். மொபெட்டுக்குச் செயின் இறுக்க வந்திருந்த கடையத்துக்காரர் ஒருவர் காதைத் தீட்டினார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது எழுந்து நிற்கிற இடத்தில் நிலத்தடியில் தண்ணீர் உண்டு என்று சொல்கிறவர் அவர். தன்னைக் கேட்காமல் போரா என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

மொபெட் பையிலிருந்து தேங்காயை எடுத்தார். "அண்ணாச்சி, இது அந்தப் போர் இல்லை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். சாதிக்கின் வண்டிக்குப் பக்கத்தில் தேங்காய் நட்டமாய் நின்றது. சத்தியமாய் நின்றது. போனில் லேத்துக்காரர் ஹலோ ஹலோ என்று அலற, இவர் என்னைப் பார்த்து அதட்டினார்: "மொதல்ல இந்த வண்டிய நகத்துங்க, சரியா ஊத்துக்கண்ணு மேல நிறுத்தி வச்சிருக்கீய."

ரோஸ் தாள்

புது ரிங்குகள் வந்தன. வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று வாங்கிப்போன சாதிக், மறுநாள் அவற்றை நகைக்கடை ரோஸ் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால், வெட்டையே காணோம்! பவர் ஓடிவிடுமே என்ற கவலையில், தெரிந்த நகை ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைத்து அடைத்துவிட்டார் மனிதர். வெட்டு இருந்தால்தானே ரிங்கை விரித்துப் பிஸ்டனில் மாட்ட முடியும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஆசாரிக்கே போன் போட்டு நாலு கேள்வி நறுக்கென்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "வளவின்னுல்லா நெனச்சேன். இரும்பு வளவி யாருக்குன்னு கேக்கது மரியாத இல்லன்னு, கையக் கிழிக்காம பாலிஷ் போட்டுக் குடுத்தேன்."

துபாயிலிருந்து மேற்பார்வை

மறுபடியும் ரிங் வரவழைத்தேன். இந்தத் தடவை கையில் கொடுக்கவில்லை. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளிச் சமமாக உட்காரவைத்து, வெட்டுக்குள் அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. வெளியே எடுத்து, முனையை அரத்தில் மெல்ல ஒரு இழுப்பு. மறுபடி உள்ளே விட்டு அளவு. கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் ரிங்கைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மூச்சை அடக்கிச் செய்கிற வேலை. சாதிக்கோ, துபாய் ரூமில் இருக்கிற கூட்டாளிகள் அத்தனை பேரையும் வீடியோ காலில் கூட்டி வைத்துக்கொண்டார். நான் ராவ ராவ, "கேப் தெரியுதுல்லா?" "போதும் போதும்" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு.

கேப் ஏன் வேண்டும் என்று நான் விளக்கிய விளக்கத்தில் சுவருக்கே புரிந்திருக்கும். சாதிக்குக்கு ஏறவில்லை. கடைசியில், ரூமில் சமையல் பார்க்கிற செங்கோட்டைக்காரர் கரண்டியோடு திரைக்குள் வந்து ஒரு போடு போட்டார். அது முழுக்கத் தப்பான விளக்கம். சாதிக் உடனே ஒத்துக்கொண்டுவிட்டார், எனக்கு வயிறு எரிந்தது. செங்கோட்டைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "ஏலே சாதிக்கு, புட்டுக்குழா மூடியில ஓட்ட இல்லாட்டி என்னலே ஆவும்? அதாம்லே கேப்பு!"

அருவிக்குப் போன வண்டி

பூட்டி முடித்து, முதல் உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. "புது ரிங், முறுக்காதீங்க. சத்தம் மாறுதான்னு மட்டும் காது குடுத்துக் கேட்டுக்கிடுங்க" என்று சாதிக்கிடம் சொல்லி அனுப்பினேன். வண்டி இந்த முறையும் நின்றால் நஸ்ரின் சொன்னதைச் செய்கிறவர்; சாதிக்கின் வண்டியும் போகும், என் பெயரும் போகும். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. குற்றாலத்திலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்தபடி நின்றேன்.

சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டது. பிசிறில்லாத சத்தம். வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது நஸ்ரின். ஆக்சிலேட்டரைப் பிடித்த கையில் ஆசாரி ஒட்டிய இரண்டு ரிங்கும் வளையலாகக் குலுங்கின. பின் சீட் காலியாக இருந்தது. பதறிப்போய், "சாதிக் எங்கம்மா?" என்றேன்.

"வண்டி ஒரு இடத்துலகூட நிக்கலண்ணே. அவருதான் என்னைய ஓட்டச் சொல்லிட்டு, சத்தம் மாறுதான்னு கேக்கேன்னு முக்குக்கு முக்கு எறங்கி நின்னுக்கிட்டே வந்தாரு. வழியில நின்னா அங்கனயே விட்டுட்டு வந்துருவேன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

அன்றிலிருந்து என் உத்தரவாதமெல்லாம் எஞ்சினுக்கு மட்டும்தான். அதன்மேல் உட்கார்ந்திருப்பவர் நின்றுபோனால் நான் பொறுப்பில்லை.