மரத்தில் காய்த்த மல்லாட்டை

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வந்ததும் அதற்கு நான்தான் பொறுப்பு என்று தலைமையாசிரியை அறிவித்தார். என் திறமையைப் பார்த்து அல்ல. பள்ளியில் ஆசிரியர் என்று இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அவருக்கு ரிமோட் என்றால் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் ஐம்பது வயது ஆண்பிள்ளை அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். தலையணை பருமனில் புத்தகம் படித்துக்கொண்டே போவதால் கண்டக்டர் என்னைப் பெரிய அறிவாளி என்று நம்பினார். நான் மறுக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. சேர்ந்து மூன்று மாதமாகியும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள், அவ்வளவுதான். ஒருநாள் அவள் அம்மா, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆயும் வேலைக்குப் போகிற வழியில், பள்ளி வாசலில் நின்றார்.

“ஊட்ல அந்த வாய் பேசுறா சார். இங்க ஊமையாட்டம் குந்திக்கினு இருக்காளாமே. திண்டிவனத்துல வேன் வர்ற ஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேன். டி.சி. குடுத்துடுங்க.”

“அங்க போனா பேசிடுவாளாம்மா?”

“இங்க பேசலியே சார்.”

பத்து நாள் அவகாசம் மட்டும் கேட்டு வாங்கினேன்.

அந்த வாரப் பாடம் செடிகளும் காய்களும். இணையத்தில் துழாவி, கலர் கலராக ஒரு கார்ட்டூனைப் பிடித்தேன். மூன்று முறை பார்த்து, எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

டிவி ஓடியது. தக்காளி பாடியது, மாம்பழம் ஆடியது. அடுத்து ஒரு பச்சை மரம். கிளைக்குக் கிளை வேர்க்கடலை தொங்கிக் கண்சிமிட்டியது. குறித்த இடத்தில் நிறுத்தினேன்.

“பாருங்க, மல்லாட்டை எவ்ளோ அழகா காய்ச்சிருக்கு!”

பிள்ளைகள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள், ஜுரத்தில் உளறுகிறவரைப் பார்ப்பது போல. வாத்தியார் என்ற மரியாதை அத்தனை வாய்களையும் கட்டிப்போட்டிருந்தது. ஒரு வாயைத் தவிர.

“அய்ய! மல்லாட்டை மரத்துலயா காய்க்கும்? மண்ணுக்குள்ள சார்!”

நான் கேட்டிராத குரல். அவள்தான், எழுந்தே நின்றுவிட்டாள்.

மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம்; முதலில் வெட்கப்பட வேண்டியிருந்தது. நான் டவுனில் வளர்ந்தவன். என்னைப் பொறுத்தவரை மல்லாட்டை பொட்டலத்தில் காய்ப்பது.

“மண்ணுக்குள்ள எப்படிம்மா போகும்?”

“பூ மேல பூக்கும். அப்பால ஊசியாட்டம் ஒண்ணு கீழ எறங்கி மண்ணுல பூந்துக்கும். அங்கதான் காய்க்கும். இதுகூடத் தெரியாதா சார்?”

வகுப்பே சிரித்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

மறுநாள் வேரும் மண்ணும் காய்களுமாக ஒரு செடியோடு வந்தாள். நம் படத்தை நாமே எடுப்போம் என்றேன். என் தடிப் புத்தகத்தின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்தேன். அந்தப் புத்தகத்தால் நான் கண்ட முதல் பயன் அது. பிள்ளைகள் செடியைப் பிடித்துக்கொள்ள, அவள் விளக்கினாள். முதல் தடவை பதிவானது பெரும்பாலும் என் கட்டைவிரல். “வெரலை எடுங்க சார்!” என்று அதட்டல் வாங்கியபின் படம் ஒழுங்காக வந்தது.

பத்தாம் நாள் அம்மா டி.சி.க்கு வந்தார். நான் செல்போனை டிவியோடு இணைத்தேன். திரை நிறைய அவர் மகள்.

“இது மல்லாட்டை செடி. கார்ட்டூன்ல காட்டுனது தப்பு. எங்க சார் சொன்னதும் தப்பு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டியிருக்கலாம். வெட்டத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் தெரியும்.

ஊசி இறங்கும் கட்டம் வந்ததும் அம்மா கத்தியே விட்டார். “அடியே, இது நான் கொல்லைல உனுக்கு சொன்னதுடி!”

“ஆமா, நீ சொன்னதுதான்” என்றாள் மகள், வகுப்பு நடுவில், எல்லோர் காதிலும் விழ.

“டி.சி. எழுதட்டுமாம்மா?” என்றேன்.

“இன்னா அவசரம் சார்? இன்னொரு தபா போடுங்க.”

தலைமையாசிரியை அன்றுதான் ரிமோட்டைத் தன் கையால் எடுத்தார். மூன்று தபா போட்டோம். மூன்று தபாவும் நான் சொன்னது தப்பு.